சென்டர் சறுக்கும்போது எங்கே பார்க்க வேண்டும்

2023 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை இரவு. நார்த் கரோலினாவில் கேரி என்கிற ஊரில் எங்கள் வீடு. எதிர் வீட்டில் நான்கு பையன்கள் தங்கி என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மதுரைத் தம்பி, மேட்ச் இருக்கும் நாளில் எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவான். அன்றைக்குக் கல்லூரிக் கூடைப்பந்தில் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் (இங்கே எல்லோருக்கும் வெறும் கரோலினா) வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். தொடங்கிய கையோடு கரோலினாவின் சென்டர், அதாவது வளையத்துக்குக் கீழே ஆடும் உயரக்காரன், ஆர்மாண்டோ பேக்காட்டுக்குக் கணுக்கால் பிசகியது. உள்ளே போனவன் திரும்ப ஆட வரவில்லை. ஆட்டமும் போனது, 65-58.

தம்பி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அக்கா, இவன் அவ்வளவுதான். போன வருஷம் ஆடினதோட சரி."

எனக்குச் சுருக்கென்றது. நானும் சென்டர் ஆடியவள். கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஐந்து வருடம், ஐந்தே முக்கால் அடி உயரத்தோடு வளையத்துக்குக் கீழேயே கிடந்தவள். மூன்றாம் வருடம் என்னைப் பற்றியும் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வருடம் என் கைக்குப் பந்து எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவே ஒரு கோடு போடாத நோட்டையும் பேனாவையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு உதவும். வீட்டில் உயரமான பிள்ளை இருந்து, அது ஸ்கூல் டீமில் சென்டர் ஆடி, திடீரென்று சோர்ந்துபோனால் அம்மா அப்பாவுக்கும் உதவும். பேக்காட்டை இதில் அவன், இவன் என்றுதான் எழுதுவேன். வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போலத்தான் எனக்கு வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஆடுகிறவன் பந்தைத் தானே தட்டிக்கொண்டு வருவான், பிடிக்கவில்லையென்றால் தானே வீசுவான். சென்டருக்கு அந்த வசதி இல்லை. இன்னொருவன் கொடுத்தால்தான் அவனுக்குப் பந்து. அதனால் சென்டர் சறுக்கினால் வெளியே இருந்து உள்ளே தேடிக்கொண்டு போக வேண்டும். அவனைப் பார்ப்பது கடைசியில்.

முதலில் புள்ளியையும் ரிபவுண்டையும் பிரியுங்கள்

வளையத்துக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் ரிபவுண்ட். பேக்காட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2021-22 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 16.3 புள்ளி, 13.1 ரிபவுண்ட். இரண்டிலும் பத்தைத் தொட்ட ஆட்டங்கள், அதாவது டபுள்-டபுள், 31. ஒரு சீசனில் அத்தனை எடுத்தவர் அதற்கு முன் 1985-86இல் நேவி என்கிற கடற்படைக் கல்லூரிக்கு ஆடிய டேவிட் ராபின்சன் ஒருவர்தான். டீம் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த சீசன் தொடங்கும்போது கரோலினாவைத்தான் நாட்டின் முதல் இடத்தில் வைத்தார்கள். ஆனால் 20 வெற்றி, 13 தோல்வி என்று முடிந்து, மார்ச் மாதத் தேசிய டோர்னமென்டுக்கே அழைப்பு வரவில்லை. 1985இல் அந்தப் போட்டியை 64 டீமாக விரித்தபின், முதலிடத்தில் தொடங்கி உள்ளேயே நுழையாமல் போன முதல் டீம் இதுதான்.

ஊரே பேக்காட்டை நோக்கிக் கை நீட்டியது. அவனுடைய அந்த வருடக் கணக்கு 15.9 புள்ளி, 10.4 ரிபவுண்ட்.

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். புள்ளி அரை கூடக் குறையவில்லை. ரிபவுண்ட் கிட்டத்தட்ட மூன்று குறைந்திருக்கிறது. இரண்டையும் கூட்டி "ஃபார்ம் போச்சு" என்று சொல்லிவிட்டால் எதுவும் தெரியாது. புள்ளி என்பது பாதிக்கு மேல் அடுத்தவர் கையில் இருக்கிற விஷயம். பந்து வர வேண்டும், நல்ல இடத்தில் வர வேண்டும், எதிராளி இரண்டு பேராக வந்து நெருக்காமல் இருக்க வேண்டும். ரிபவுண்டுக்கு யாரும் பாஸ் கொடுப்பதில்லை. அது கால், இடுப்பு, பந்து எங்கே விழும் என்கிற கணிப்பு. புள்ளி மட்டும் விழுந்தால் கூட இருப்பவர்களைப் பாருங்கள். ரிபவுண்ட் மட்டும் விழுந்தால் காலைப் பாருங்கள். ஆடிய நிமிடங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், நிமிடம் குறைந்தால் எல்லாமே குறையும். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நோட்டில் என்ன குறிப்பது

ஒரு ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், கண் தானாகப் பந்துக்குப் பின்னால் ஓடும். தம்பிக்கு மூன்று ஆட்டம் பிடித்தது. பந்து வலப்பக்க மூலையில் இருந்தாலும் சென்டரையே பார்க்க வேண்டும்.

நோட்டில் அரை கோர்ட் வரைந்துகொள்ளுங்கள். வளையம், பெயிண்ட் (வளையத்துக்கு முன்னால் வண்ணம் பூசிய கட்டம்), அதன் எல்லையான ஃப்ரீ த்ரோ கோடு, அவ்வளவு போதும். சென்டர் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், அவன் கால் இருந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அவன் கையை உயர்த்திக் கேட்டும் பந்து வராவிட்டால், நின்ற இடத்தில் ஒரு சின்ன வட்டம். அந்த இரண்டு குறி மட்டும். அதற்கு மேல் குறிக்கப் போனால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது.

பாதி ஆட்டம் முடிந்ததும் படத்தைப் பாருங்கள். நல்ல நாளில் புள்ளிகள் வளையத்தைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். மோசமான நாளில் அவை பெயிண்டுக்கு வெளியே, பத்து பன்னிரண்டு அடி தள்ளிச் சிதறிக் கிடக்கும். பிடித்த இடம் ஒரு தப்படி தள்ளிப்போனாலே அந்த ஷாட் வேறு ஷாட். வளையத்துக்கு ஒரு எட்டில் பிடித்தால் திரும்பிப் போட்டுவிடலாம். இரண்டு எட்டு தள்ளிப் பிடித்தால் ஒரு முறை தட்ட வேண்டும். தட்டினால் சின்னக் கார்டு ஒருவன் கீழே கையை விட்டுப் பறித்துக்கொண்டு போவான். டிவியில் பார்ப்பவருக்கு, 'இவனுக்குக் கை சரியில்லை' என்று தோன்றும்.

வட்டங்கள்தான் இன்னும் முக்கியம். எதிராளியை முதுகால் அடைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, கையை நீட்டி நிற்பதைத்தான் சீல் என்கிறார்கள். அந்தக் கதவு ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடி திறந்திருக்கும். பெயிண்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் வயலேஷன், விதிமீறல். கார்டு அந்த ஒரு நொடியைப் பார்க்காமல் இன்னொரு முறை பந்தைத் தட்டினால் கதவு மூடிவிடும். இப்படி நான்கு முறை நடந்தால் ஐந்தாவது முறை சென்டர் அவ்வளவு தாழ்ந்து நிற்க மாட்டான். எட்டாவது முறை கையே தூக்க மாட்டான். அப்போது கமென்டேட்டர், அவனுக்கு ஆர்வமில்லை என்பார். அவன் ஆர்வம் எந்த நிமிடத்தில் போனது என்பது உங்கள் நோட்டில் வட்டமாக இருக்கும்.

எனக்கு நடந்ததும் இதுதான். முதல் இரண்டு வருடம் எங்கள் பாயிண்ட் கார்டாக இருந்தவள் பொள்ளாச்சிக்காரி. பேசவே மாட்டாள். நான் வலது தோளால் ஆளை அடைத்திருந்தால் பந்து தரையில் ஒரு தட்டு பட்டு என் இடது இடுப்புக்கு அருகில் வந்து நிற்கும். பிடித்த கையோடு திரும்பினால் வளையம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவள் படிப்பு முடிந்து போனாள். அடுத்து வந்தவள் நல்ல ஷூட்டர், வேகமானவள், ஆனால் பந்தை என் நெற்றிக்கு நேராகக் கொடுப்பாள். நான் அதைப் பிடித்துக் கீழே இறக்குவதற்குள் இரண்டு பேர் வந்திருப்பார்கள். ஆட்டத்துக்குப் பதினாறு பதினேழு எடுத்தவள் ஏழுக்கும் எட்டுக்கும் இறங்கினேன். எங்கள் கோச் அதற்கு என்ன செய்தார் தெரியுமா? காலையில் கூடுதலாக மூன்று ரவுண்ட் ஓட வைத்தார். உடம்பு கனத்துவிட்டது என்றார். நானும் நம்பி ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தேன். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன தெரியும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

அடுத்தது, யார் போனார்கள் என்று கேளுங்கள்

பழைய ஐந்து பேரின் பெயரையும் புதிய ஐந்து பேரின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கரோலினாவில் ஐந்தில் நான்கு பேர் அப்படியே இருந்தார்கள்: பேக்காட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக். போனது ஒரே ஒருவன், பிரேடி மேனெக். ஓக்லஹோமாவில் இருந்து ஒரே ஒரு வருடத்துக்கு வந்த தாடிக்காரப் பையன். அவனும் உயரமானவன், ஆனால் த்ரீ-பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நிற்பான், அங்கிருந்து போட்டால் மூன்று புள்ளி, அதுதான் த்ரீ. நூற்றுக்கு நாற்பது விழும்.

அவன் அங்கே நின்றதால் பேக்காட்டுக்கு என்ன கிடைத்தது என்பதை நின்று பார்க்க வேண்டும். எதிர் டீமின் இன்னொரு உயரக்காரன் மேனெக்கை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் மூன்று புள்ளி. அதனால் பெயிண்டுக்குள் பேக்காட்டும் அவனைக் காப்பவனும் மட்டும். வீட்டில் விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஹால் எப்படி விரிந்து கிடக்கும், அப்படி ஒரு இடம். மேனெக் போனபின் அந்த இடத்தில் வந்தவனுக்கும் வெளியில் இருந்து அந்த அளவுக்கு விழவில்லை, மற்றவர்களுக்கும் விழவில்லை. டீம் மொத்தமாகவே த்ரீயில் நூற்றுக்கு 36 என்ற அளவிலிருந்து 31க்கு இறங்கியது. எதிராளிகள் தைரியமாக வெளியே ஆளை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றும் ஒருவன் 15.9 எடுத்தான் என்றால், எனக்கு அது சரிவாகத் தோன்றவில்லை. டீமில் அதிகம் உழைத்தவன் அவன்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இதை நம்பாதவர்கள் பர்டூ பல்கலைக்கழக டீமைப் பாருங்கள். அதன் சென்டர் 7 அடி 4 அங்குல சாக் ஈடி. 2023 மார்ச் 17, டோர்னமென்டின் முதல் ஆட்டம், எதிரே ஃபேர்லி டிக்கின்சன். அந்த வருடம் அமெரிக்கக் கல்லூரி டீம்களிலேயே சராசரி உயரம் குறைந்த டீம் அது. 63-58 என்று பர்டூ தோற்றது. ஈடி வீசியது 11 ஷாட், விழுந்தது 7, புள்ளி 21, ரிபவுண்ட் 15. அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு குள்ளமான டீமிடம் தோற்றானே என்று சிரித்தார்கள். யாரும் பார்க்காத வரி ஒன்று இருந்தது: பர்டூ அன்று 26 த்ரீ வீசி 5தான் போட்டது. எதிராளிகள் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று ஈடியைச் சூழ்ந்து நின்றார்கள். வெளியே நின்றவர்களுக்கு விழவில்லை, அதனால் சூழ்ந்தவர்கள் கலையவும் இல்லை.

அடுத்த வருடம் அதே ஈடி, அதே கோச். வெளியில் இருந்து டீமுக்கு விழுந்தது நூற்றுக்கு 32இலிருந்து 40க்கு ஏறியது. ஈடியின் சராசரி 22இலிருந்து 25க்குப் போனது, டீம் இறுதி ஆட்டத்துக்கே போனது. அங்கே எதிரே இருந்த யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகம், என்ன செய்தது பாருங்கள். ஈடியை ஒற்றை ஆளிடம் விட்டுவிட்டு, வெளியே நிற்பவர்களை ஒட்டியே நின்றது. ஆட்டம் முழுக்க பர்டூவால் 7 த்ரீதான் வீச முடிந்தது, விழுந்தது 1. ஈடி 37 புள்ளி எடுத்தான். யூகான் 75-60 என்று ஜெயித்தது. ஒரு சென்டரின் ஸ்கோரை எதிர்க் கோச் எப்படி ஏற்றவும் இறக்கவும் முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நோட்டில் சென்டரின் பெயருக்கு எதிரே எப்போதும் டீமின் த்ரீ கணக்கையும் எழுதிவையுங்கள்.

காலைப் பார்ப்பது எப்படி

2022 ஏப்ரலில் டியூக்குக்கு எதிரான அரையிறுதியில் பேக்காட்டுக்கு வலது கணுக்கால் பிசகியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4, நியூ ஆர்லியன்ஸில் கான்சாஸுடன் இறுதி ஆட்டம். கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினான், 15 புள்ளி, 15 ரிபவுண்ட். கடைசி நிமிடத்தில், 38 நொடி பாக்கி இருக்கும்போது, வளையத்தை நோக்கித் திரும்பியவனுக்கு அதே கால் மடங்கியது. பந்து போய்விட்டது. அவன் விழுந்து கிடக்கவில்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே மறுபக்கம் காக்கப் போனான், ரெஃப்ரி நிறுத்தும் வரை. கரோலினா 72-69 என்று தோற்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கால் விரல்கள் தானாகச் சுருண்டுகொண்டன.

அடுத்த சீசனில் நவம்பரில் தோளில் அடி. அதனால் டிசம்பரில் ஒரு ஆட்டம் ஆடவில்லை. ஜனவரியில் நான் மேலே சொன்ன கணுக்கால். ரிபவுண்ட் ஏன் மூன்று குறைந்தது என்பதற்கு நான் இதற்கு மேல் தேட மாட்டேன்.

பிசகிய கணுக்காலைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான நினைப்பு உண்டு. வீக்கம் வற்றினால் சரியாகிவிட்டது என்று நினைப்போம். எண்ணெய்க் கட்டுப் போட்டு, பத்து நாளில் கோர்ட்டுக்கு வந்துவிடுவோம். நானும் வந்தேன். வீக்கம் வற்றுவது வேறு, தரை எங்கே இருக்கிறது என்று அந்தக் கால் உணர்வது வேறு. இரண்டாவது திரும்ப மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் பிள்ளைக்கு அடிபட்டிருந்தால் ஒரு எளிய சோதனை: அடிபட்ட காலில் மட்டும் நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். நல்ல காலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்தக் காலில் எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், கோச்சிடம் அல்ல.

டிவியில் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது குதி. முதல் குதியை எல்லோரும் நன்றாகக் குதிப்பார்கள், அதற்கு முழங்காலை மடக்கித் தயாராக நேரம் இருக்கிறது. பந்து வளையத்தில் பட்டு இன்னொரு கையில் தட்டுப்பட்டு மறுபடி மேலே போகும். அப்போது கீழே இறங்கிய கையோடு, மடக்காமல், உடனே எழும்ப வேண்டும். கால் சரியாக இருப்பவன் பந்தைப் போல எழும்புவான். சரியில்லாதவன் இறங்கி, ஒரு மூச்சு நின்று, அப்புறம் எழும்புவான். அந்த ஒரு மூச்சில் பந்து வேறு ஆள் கையில் இருக்கும். மூன்று ரிபவுண்ட் அப்படித்தான் குறைகிறது.

எதிராளியும் படித்துக்கொண்டு வருகிறான்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சென்டர் ஒரு வருடம் பிரமாதமாக ஆடினால், அடுத்த வருடம் அவனைப் பற்றிய வீடியோ எல்லா டீமிடமும் இருக்கும். கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோவின் லுபும்பாஷியில் பிறந்தவன், 2021-22இல் 17.4 புள்ளி, 15.1 ரிபவுண்டோடு நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் ஆனான். அடுத்த வருடம் 16.5, 13.7. அந்தச் சீசனுக்கு முன் முழங்காலில் சின்ன அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது. 13.7 ரிபவுண்ட் என்பதே அந்த வருடமும் யாராலும் தொட முடியாத உயரம், ஆனாலும் சறுக்கிவிட்டான் என்றார்கள். உண்மையில் எதிராளிகள் அவனை வளையத்துக்குக் கீழே நிற்கவிடாமல், பிக் அண்ட் ரோல் ஆடி (ஒருவன் காப்பவனை மறித்து நின்று, பிறகு வளையத்தை நோக்கி ஓடுவது), வேகமான கார்டுகளுக்கு எதிரே வெளியே இழுத்தார்கள். இதை நீங்கள் பார்க்க வேண்டுமானால் அவன் டீம் காக்கும்போது பாருங்கள். அவன் முதுகு வளையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தூரம் கூடக் கூட ரிபவுண்டுக்குத் திரும்பி வரும் வழியும் கூடும்.

அவனைத் தனியாகப் பார்க்கும் இடம்

ஃப்ரீ த்ரோ, எதிராளி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தனி வீச்சு. பாஸ் கொடுக்க யாரும் வேண்டாம், நெருக்க யாரும் இல்லை, குதிக்கவும் வேண்டாம். மொத்த ஆட்டத்திலும் ஒரு சென்டரை அவனாக மட்டும் பார்க்க முடிகிற இடம் அந்தக் கோடு ஒன்றுதான். புள்ளி குறைந்து ஃப்ரீ த்ரோ குறையாமல் இருந்தால், பையன் சரியாகத்தான் இருக்கிறான், சுற்றியிருப்பதைப் பாருங்கள். ஃப்ரீ த்ரோவும் சேர்ந்து சரிந்தால் கையிலோ தோளிலோ வலி இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், மனதில் ஏதோ இருக்கலாம். பேக்காட் இரண்டு சீசனிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு போட்டான். மாற்றமே இல்லை.

இத்தனைக்கும் பிறகு, பந்து நல்ல இடத்தில் வருகிறது, வெளியே ஷூட்டர்கள் இருக்கிறார்கள், காலும் நன்றாக இருக்கிறது, அப்படியும் விழவில்லை என்றால்தான் அவனுடைய ஆட்டத்தில் குறை. அதற்கு ஒரே அடையாளத்தைச் சொல்கிறேன். பந்தைப் பிடித்ததும் அது எங்கே போகிறது என்று பாருங்கள். தாடைக்கு மேலேயே இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. இடுப்புக்கு இறங்கினால் பயந்திருக்கிறான்.

இதற்கு மருந்து பழையது. 1942இல் சிகாகோவில் டிபால் கல்லூரிக்கு ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குலப் பையன் வந்தான். கண்ணாடி போட்டவன், நடையில் தடுமாற்றம். கோச் ரே மேயர் அவனைக் கயிறு தாண்ட வைத்தார், குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார், நடனம் கற்றுக்கொள்ள அனுப்பினார், வளையத்துக்குக் கீழே இடமும் வலமுமாக ஹூக் ஷாட், அதாவது ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே வளைத்துப் போடும் ஷாட், போட வைத்தார். மைக்கன் டிரில் என்று இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். என் மகள் ஸ்கூல் டீமில் சென்டர். போன குளிர்காலத்தில் அவளுக்கு இதே சரிவு வந்தபோது வீட்டு முன்னால் இருக்கும் வளையத்தில் நாங்கள் செய்தது இது. வளையத்தின் வலப்பக்கம் இடது காலில் எழும்பி வலக்கையால் போட வேண்டும். வலையிலிருந்து விழும் பந்தை இரண்டு கையாலும் தாடைக்கு மேலேயே பிடித்து, ஒரு எட்டு வைத்து, இடப்பக்கம் வலது காலில் எழும்பி இடக்கையால் போட வேண்டும். பந்து தாடைக்குக் கீழே இறங்கினால் அந்த எண்ணிக்கை செல்லாது. முப்பது நொடி, அப்புறம் ஓய்வு, மறுபடி முப்பது. நான் கையில் துடைப்பத்தின் காம்பை வைத்துக்கொண்டு அவள் கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பேன், எதிராளியின் கை மாதிரி. முதல் வாரம் முப்பது நொடியில் எட்டு. மூன்றாவது வாரம் பதினெட்டு. அதைவிட எனக்குச் சந்தோஷம் கொடுத்தது, அவள் பந்தைப் பார்க்காமல் வளையத்தைப் பார்க்கத் தொடங்கியது.

பிள்ளையிடம் பேசும்போது "ஏன்டி சரியா ஆடல?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு எங்கே நின்னு பந்து கேட்ட?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். முதல் கேள்விக்கு அழுகைதான் வரும்.

ஒன்றைச் செய்யவே கூடாது

2024 மார்ச்சில் கரோலினா மிச்சிகன் ஸ்டேட்டை 85-69 என்று ஜெயித்தது. பேக்காட் 18 புள்ளி, 7 ரிபவுண்ட். ஜெயித்த ஆட்டம். அதற்குப் பிறகு தன்னைத் திட்டி நூற்றுக்கும் மேற்பட்ட மெசேஜ் வந்ததாக அவனே சொன்னான். ரிபவுண்ட் போதவில்லையாம். அவன் இத்தனை ரிபவுண்ட் எடுப்பான் என்று பணம் கட்டியிருந்தவர்கள். அதே மாதம் 11ஆம் தேதிதான் எங்கள் மாநிலத்தில் போனிலேயே பந்தயம் கட்டுவது சட்டப்படி தொடங்கியிருந்தது. அந்த மாதக் கடைசியில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர், தனித்தனி மாணவர்கள் மேல் பந்தயம் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். மாணவனின் போனுக்கு அப்படி ஒரு வரி எழுத எந்தத் தோல்வியும் யாருக்கும் உரிமை தராது. என் ஹாலில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிற பிள்ளைகளிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் எழுதுங்கள், என்னிடம் கத்துங்கள், அவனுக்கு எழுதாதீர்கள்.

வர்ஜீனியா ஆட்டத்துக்குப் பதினோரு நாள் கழித்து, 2023 ஜனவரி 21, சனிக்கிழமை. சேப்பல் ஹில்லில் கரோலினாவுக்கும் என்.சி. ஸ்டேட்டுக்கும் ஆட்டம். தம்பி தன் கல்லூரியின் சிவப்புச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான், மடியில் நோட்டு. பேக்காட் வந்தான், கணுக்காலில் கட்டோடு. அன்றைக்கு அவன் எடுத்தது 23 புள்ளி, 18 ரிபவுண்ட். டைலர் ஹேன்ஸ்ப்ரோ வைத்திருந்த 1,219 ரிபவுண்ட் என்ற கரோலினாவின் எக்காலச் சாதனையையும் அன்றைக்குத்தான் தாண்டினான். ஸ்டேட் தோற்றது. தம்பி ஒவ்வொரு ரிபவுண்டுக்கும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் கோடுகளை எண்ணினான், படத்தை ஒரு முறை பார்த்தான், நோட்டை என் பக்கம் திருப்பினான். புள்ளிகள் எல்லாம் வளையத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

"அடுத்த மேட்ச் எப்போக்கா?"

"செவ்வாய்க்கிழமை. சிராக்யூஸ்கூட."

நோட்டை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு போனான்.